கிளப்புக்கும் சூப்பர் ரக்பிக்கும் பாலம் போடுவது எப்படி? ஆஸ்திரேலிய ரக்பி கிளப் கமிட்டிகளுக்கு முழுமையான வழிகாட்டி

வாலபீஸ் எனப்படும் ஆஸ்திரேலிய ஆண்கள் தேசிய அணியின் வீரர் ஒருவரை அழைத்து வந்து, சிறுவர்களோடு நிற்கவைத்துப் படம் எடுத்து, ஜெர்சியில் கையெழுத்தும் வாங்கிவிட்டால் மேல்மட்ட ஆட்டத்தோடு தொடர்பு வந்துவிட்டதாகப் பல கிளப்புகள் நினைத்துக்கொள்கின்றன. படம் கிளப் சுவருக்கு அழகுதான். ஆனால் தொடர்பு என்பது வேறு. தொழில்முறைப் போட்டியான சூப்பர் ரக்பியின் அணியில் இந்த வாரம் இடம் கிடைக்காத ஒப்பந்த வீரர் சனிக்கிழமை உங்கள் மைதானத்துக்கு ஆட வர வேண்டும். உங்கள் கிளப்பில் நன்றாக ஆடும் பையனோ பெண்ணோ மேலே இருப்பவர்களின் கண்ணில் பட வேண்டும். இந்த இரண்டும் வாராவாரம் சண்டை சச்சரவு இல்லாமல் நடந்தால்தான் அது பாலம்.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு காலண்டர், ஒரு பக்க ஒப்பந்தம், பொறுப்பான ஒரே ஆள், ஒழுங்காக எடுத்த வீடியோ, அளவு நாடா ஆகியவை போதும். கீழே சொல்வது முக்கியமாக சிட்னி, பிரிஸ்பேன், கான்பெரா, பெர்த் நகரங்களின் முதன்மை கிளப்புகளுக்கு. அவற்றுக்குக் கீழே உள்ள புறநகர், ஜூனியர் கிளப்புகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: ஏணியில் உங்கள் இடம் எது?

உச்சியில் தேசிய அணிகள்: ஆண்களில் வாலபீஸ், பெண்களில் வாலரூஸ். அதற்குக் கீழே சூப்பர் ரக்பி: நியூ சவுத் வேல்ஸில் வாராடாஸ், குயின்ஸ்லாந்தில் ரெட்ஸ், கான்பெராவில் பிரம்பீஸ், பெர்த்தில் வெஸ்டர்ன் ஃபோர்ஸ். மெல்பர்ன் ரெபெல்ஸ் 2011இல் வந்து 2024 சீசனோடு மூடப்பட்டது. இன்று விக்டோரியாவின் டியூவர் ஷீல்டு கிளப்புகளில் ஆடும் இளைஞருக்கு அவருடைய மாநிலத்தில் தொழில்முறை அணியே கிடையாது. அங்குள்ள கிளப்புகள் வேறு மாநில அகாடமிகளோடுதான் பேச வேண்டும்.

அதற்கு அடுத்தது நகரப் போட்டிகள். சிட்னியில் ஷூட் ஷீல்டு, பிரிஸ்பேனில் ஹாஸ்பிட்டல் சேலஞ்ச் கப், கான்பெராவில் ஜான் டென்ட் கப். ஷூட் ஷீல்டு 1923 முதல் ஆடப்படுகிறது. 1922இல் மேன்லி ஓவலில் ஆடும்போது அடிபட்டு இறந்த ராபர்ட் ஷூட் என்ற பல்கலைக்கழக வீரரின் நினைவாக வைத்த பெயர் அது. ஒரு சிட்னி கிளப் பொதுவாக ஆண்களில் நான்கு கிரேடுகளும் (திறமை வரிசைப்படி முதல் அணி முதல் நான்காம் அணி வரை), கோல்ட்ஸ் எனப்படும் 20 வயதுக்குட்பட்டோர் அணிகள் மூன்றும் இறக்கும். இந்த நான்கு கிரேடுகள் என்ற அமைப்பை நினைவில் வையுங்கள். படி 4இல் வரும் தகராறு முழுவதும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

இந்தக் கிளப் அடுக்கு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ராண்ட்விக் ஒன்றே போதும். எல்லா (Ella) என்ற குடும்பப்பெயர் கொண்ட சகோதரர்கள் மூவரும் (மார்க், க்ளென், கேரி) அந்தச் சிட்னி கிளப்பில் ஆடியவர்கள். பாப் ட்வயர், எடி ஜோன்ஸ், யூயன் மெக்கென்சி, மைக்கேல் செய்கா என்று வாலபீஸின் நான்கு தலைமைப் பயிற்சியாளர்கள் அந்த ஒரே கிளப்பிலிருந்து வந்தார்கள். 1988இல் நியூசிலாந்தின் தேசிய அணியான ஆல் பிளாக்ஸே கூஜி ஓவலுக்கு வந்து ராண்ட்விக்கோடு மோதியது. தொழில்முறை வந்த பிறகு அப்படியொரு ஆட்டத்தை யாரும் அட்டவணையில் போடப்போவதில்லை. ஆனாலும் ஆட்களை உருவாக்கும் இடம் மாறிவிடவில்லை.

நடுவில் ஒரு போட்டி வரும் என்று காத்திருக்காதீர்கள்

கிளப்புக்கும் சூப்பர் ரக்பிக்கும் நடுவே மூன்றாவது அடுக்கு ஒன்றை உருவாக்கும் முயற்சி இரண்டு முறை நடந்தது. 2007இல் ஆஸ்திரேலியன் ரக்பி சாம்பியன்ஷிப் எட்டு அணிகளோடு தொடங்கியது. வெஸ்டர்ன் சிட்னி ராம்ஸ், சென்ட்ரல் கோஸ்ட் ரேஸ், பாலிமோர் டொர்னேடோஸ் என்று புதிதாக வைத்த பெயர்கள். நஷ்டம் தாங்காமல் ஒரே சீசனில் முடிந்தது. 2014 முதல் 2019 வரை நேஷனல் ரக்பி சாம்பியன்ஷிப் ஓடியது. ஆட்டத் தரம் நன்றாகவே இருந்தது. 2017இல் சேர்ந்த ஃபிஜியன் ட்ருவா 2018இல் கோப்பையை வென்று, பின்னாளில் சூப்பர் ரக்பிக்கே வந்து சேர்ந்தது. ஆனால் சிட்னியில் எதிரெதிர் கிளப்புகளான மேன்லிக்காரரும் வாரிங்காக்காரரும் ஒரே ஜெர்சிக்காகக் கைதட்ட வரவில்லை. கூட்டம் இல்லை, ஒளிபரப்புப் பணம் இல்லை, 2020இல் நின்றது.

இனி ஒரு தேசியப் போட்டி வந்தால் நல்லதுதான். ஆனால் உங்கள் திட்டம் அதை நம்பி இருக்கக்கூடாது. கூட்டமும் பாசமும் ஏற்கனவே இருக்கிற இடம் கிளப். பாலத்தை அங்கேயே போடுவதுதான் மலிவு.

படி 2: யாரிடம் பேசுவது?

இங்கேதான் பாதி கிளப்புகள் முதல் மாதத்தை வீணாக்குகின்றன. சமூக ரக்பியைக் கவனிக்கும் அலுவலகமும் தொழில்முறை அணியை நடத்தும் அலுவலகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நியூ சவுத் வேல்ஸில் 2024 முதல் வாராடாஸ் அணியை நடத்தும் பொறுப்பைத் தேசிய அமைப்பான ரக்பி ஆஸ்திரேலியா எடுத்துக்கொண்டது. கிளப், ஜூனியர் ரக்பி மாநில யூனியனிடமே இருந்தது. பதிவு, காப்பீடு, அட்டவணை பற்றி மாநில யூனியனிடம் கேட்க வேண்டும். வீரரை விடுவிப்பது பற்றி அணியின் ரக்பி மேலாளரிடம் கேட்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளருக்கு மின்னஞ்சல் போட்டால் பதில் வராது. அவருக்கு அது வேலையும் அல்ல.

உங்களுக்குத் தேவை நான்கு பெயர்கள்: அணியின் ரக்பி அல்லது அணி மேலாளர், அகாடமி மேலாளர், உடற்பயிற்சிப் பிரிவின் தலைவர், அணி மருத்துவர் அல்லது தலைமை பிசியோ. உங்கள் பக்கம் இவர்களோடு பேச ஒரே ஒரு ஆள் இருக்கட்டும். முதல் கிரேடு பயிற்சியாளரை அந்த வேலையில் போடாதீர்கள். சனிக்கிழமை ஜெயிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அவர் "யாரை அனுப்புவீர்கள்?" என்று மட்டுமே கேட்பார். முன்னாள் வீரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், யாராவது நிதானமான ஒருவர் நல்லது. தலைவர் ஒரு பக்கம், பயிற்சியாளர் ஒரு பக்கம், வீரரின் அப்பா ஒரு பக்கம் என்று மூன்று பேர் அழைத்தால் மேலே இருப்பவர்கள் மூன்று பேரின் அழைப்பையும் எடுக்க மாட்டார்கள்.

படி 3: இரண்டு காலண்டர்களையும் ஒரே தாளில் போடுங்கள்

சூப்பர் ரக்பி பசிபிக் பிப்ரவரியில் தொடங்கி ஜூனில் முடிகிறது. சிட்னி கிளப் சீசன் ஏப்ரல் வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் தொடக்கம் வரை போகும். ஜூலையில் வெளிநாட்டு அணிகள் வரும் டெஸ்ட் ஆட்டங்கள், பெரும்பாலான ஆண்டுகளில் ஆகஸ்டிலிருந்து தேசிய அணிகள் மோதும் ரக்பி சாம்பியன்ஷிப். இவற்றை ஒரே தாளில் வார வாரியாக எழுதினால் மூன்று கட்டங்கள் தெரியும்.

முதல் கட்டம் ஏப்ரல் முதல் ஜூன் வரை. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஆட்டத்துக்கான 23 பேரில் இல்லாதவர்கள் மட்டுமே வருவார்கள். ஒரு சூப்பர் ரக்பி அணியில் சுமார் 35 முதல் 40 பேர். காயம்பட்டவர்களையும் பயண ரிசர்வ் வீரர்களையும் கழித்தால் மிஞ்சுவது பத்துப் பேருக்கும் குறைவு, அவர்களும் பல கிளப்புகளுக்குப் பிரிவார்கள். அணி நியூசிலாந்துக்கோ ஃபிஜிக்கோ போகும் வாரங்களில் இன்னும் குறையும். பயண ரிசர்வாகப் போகிறவர் பெரும்பாலும் அங்கேயும் ஆட மாட்டார், இங்கேயும் ஆட முடியாது. அந்த வாரங்களைச் சிவப்பு மையில் குறித்துவிடுங்கள்.

இரண்டாவது கட்டம் சூப்பர் ரக்பி முடிந்த பிறகு. வாலபீஸில் இல்லாத ஒப்பந்த வீரர்கள் இரண்டு, மூன்று வாரம் ஓய்வுக்குப் பின் மொத்தமாகத் திரும்புவார்கள். கிளப்புக்கு இது பொற்காலம் போலத் தோன்றும், தலைவலியும் இதே சமயத்தில்தான். மூன்றாவது கட்டம் இறுதிச் சுற்றுகள். இறுதிச் சுற்றில் ஆட குறைந்தபட்சம் இத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று போட்டி விதி இருக்கும். ஒப்பந்த வீரர்களுக்கு அதில் தளர்வு உண்டா என்பதை ஏப்ரலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆகஸ்டில் கேட்டால் எதிரணி ஆட்சேபிக்கும்.

படி 4: ஒப்பந்த வீரர் கிளப்புக்கு வரும் வாரம்

கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டிய இடம் இது. ஏனென்றால் பாலம் உடைவது எப்போதும் இங்கேதான்.

ஒரு தொழில்முறை ஃப்ளை-ஹாஃப் (ஆட்டத்தை வழிநடத்தும் 10ஆம் எண் வீரர்) இந்தச் சனிக்கிழமை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கிரேடில் அந்த இடத்தில் ஆடுபவர் இரண்டாம் கிரேடுக்கு இறங்குகிறார். அங்கே இருந்தவர் மூன்றாவதுக்கு, அவர் நான்காவதுக்கு. நான்காம் கிரேடில் ஆட இருந்தவர் பெஞ்சில். ஒருவர் வந்ததால் நான்கு பேர் இடம் மாறினார்கள். நான்கு பேரும் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் மழையில் பயிற்சிக்கு வந்தவர்கள், கிளப்புக்குச் சந்தா கட்டுகிறவர்கள். மூன்று ஒப்பந்த வீரர்கள் வந்தால் பன்னிரண்டு பேர். இதைக் கணக்கில் எடுக்காத கிளப்பில் ஜூலை மாதம் நான்காம் கிரேடுக்கு ஆள் கிடைக்காது.

அதனால் வாரத்தை இப்படி நடத்துங்கள்:

- திங்கள்: உங்கள் தொடர்பாளர் அணி மேலாளரிடம் உத்தேசப் பட்டியல் கேட்கிறார். பெயர், இடம், எத்தனை நிமிடம் ஆடலாம், காயக் குறிப்பு.
- செவ்வாய்: இடம் மாறக்கூடிய நான்கு பேரிடமும் பயிற்சியாளரே நேரில் சொல்கிறார். குறுஞ்செய்தியில் சொல்லக்கூடாது.
- புதன், வியாழன்: சூப்பர் ரக்பி அணி அறிவிக்கப்படுகிறது. உத்தேசம் உறுதியாகிறது அல்லது மாறுகிறது.
- வியாழன் மாலை: வருகிற வீரர் கிளப் பயிற்சிக்கு வந்தே ஆக வேண்டும். 40 நிமிடம் போதும். லைன்அவுட் (கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் பந்துக்குக் குதிப்பது) அழைப்புகள், கிக்-ஆஃப் அமைப்பு, இரண்டு மூன்று ஸ்ட்ரைக் மூவ்கள் (முன்பே திட்டமிட்ட தாக்குதல் நகர்வுகள்).
- வெள்ளி மதியம்: கடைசி உறுதி. அதற்குப் பிறகு வருகிறேன் என்பவர் பெஞ்சில் உட்காரட்டும்.

வியாழன் பயிற்சியை விட்டுக்கொடுக்காதீர்கள். அழைப்பு தெரியாத லாக் ஒருவர் வந்தால் லைன்அவுட் முழுவதும் குழம்பும். அவர் எவ்வளவு உயரம் குதித்தாலும் பந்து வேறிடத்துக்குப் போகும். தொழில்முறை அணிப் பயிற்சியோடு நேரம் மோதினால் அழைப்புகளை ஒரு நிமிட வீடியோவாகச் செவ்வாய் இரவே அனுப்பிவிட்டு, சனிக்கிழமை ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு மைதானத்தில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அது இரண்டாந்தர ஏற்பாடுதான், ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு மேல்.

முதல் பதினைந்தில் மூன்று அல்லது நான்கு ஒப்பந்த வீரர்களுக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஸ்க்ரம்-ஹாஃப், ஃப்ளை-ஹாஃப் இடங்களில் அடுத்தடுத்து இரண்டு வாரமாவது வருவார் என்றால் மட்டுமே மாற்றுங்கள். விங்கரை ஒரு வாரத்துக்கு மாற்றினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அணியை ஓட்டுகிறவரை ஒரு வாரத்துக்கு மாற்றினால் அந்த ஆட்டமும் போகும், அடுத்த வார ஆட்டமும் போகும்.

நிமிடக் கட்டுப்பாட்டை மதியுங்கள். காயத்திலிருந்து திரும்புகிறவருக்கு 40 நிமிடம் என்று உடற்பயிற்சிப் பிரிவு சொன்னால், ஸ்கோர் 19-20 ஆக இருந்தாலும் 40ஆவது நிமிடம் அவரை வெளியே எடுங்கள். ஒருமுறை 65 நிமிடம் ஆடவைத்தால் அந்த வருடம் முழுவதும் உங்களுக்கு ஆள் வராது.

இன்னொரு சின்ன விஷயம், பெரிய நஷ்டம்: வீரர் உங்கள் கிளப்பின் பெயரில் ரக்பி எக்ஸ்ப்ளோரர் என்ற பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்கிறாரா என்று மார்ச்சிலேயே பாருங்கள். டெஸ்ட் வீரராக இருந்தாலும் பதிவில்லாமல் களமிறங்கினால் போட்டி விதிப்படி புள்ளிகள் பறிபோகலாம், காப்பீடும் சிக்கலாகும்.

படி 5: உங்கள் வீரரை மேலே காட்டுவது

"எங்களிடம் ஒரு பையன் இருக்கிறான், பிரமாதமாக ஆடுவான்" என்று சொல்லாத கிளப்பே இல்லை. அகாடமி மேலாளருக்குத் தேவை இரண்டு: ஒப்பிடக்கூடிய எண், நம்பக்கூடிய வீடியோ.

எண்ணுக்கு ப்ராங்கோ சோதனை எளிது. புல்வெளியில் 0, 20, 40, 60 மீட்டரில் கூம்புகள். 20 போய் வர, 40 போய் வர, 60 போய் வர ஒரு சுற்று, மொத்தம் 240 மீட்டர். நிற்காமல் ஐந்து சுற்று, 1,200 மீட்டர். தொழில்முறை மட்டத்தில் பேக்ஸ் எனப்படும் பின்கள ஆட்டக்காரர்கள் நான்கரை நிமிடத்தை ஒட்டி ஓடுவார்கள். முன்வரிசைக்காரர்கள் ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் நல்லது. தூரத்தைக் காலடியால் அளக்காதீர்கள். 60 மீட்டர் கூம்பு இரண்டு மீட்டர் உள்ளே இருந்தால் சுற்றுக்கு நான்கு மீட்டர், மொத்தத்தில் 20 மீட்டர் குறையும். நேரத்தில் கிட்டத்தட்ட ஐந்து வினாடி. அந்தப் பொய் எண்ணோடு பையன் அகாடமிக்குப் போய் அங்கே உண்மையான 1,200 ஓடும்போது அவனும் அவமானப்படுவான், உங்கள் அடுத்த எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஈரமான தரையில் எடுத்தால் அதையும் குறியுங்கள். மார்ச், மே, ஜூலை என மூன்று முறை எடுத்தால் ஏற்றம் தெரியும். ஒற்றை எண்ணைவிட அந்த ஏற்றத்துக்குத்தான் அகாடமிகள் மதிப்புக் கொடுக்கும்.

உடல் அசைவை அளக்கும் ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மெல்பர்னில் பிறந்த கேட்டபல்ட் நிறுவனத்தின் கருவிகள் தொழில்முறை அணிகளில் பரவலாக இருக்கின்றன. கிளப்புக்கு அது முதல் செலவாக இருக்கத் தேவையில்லை. அந்த எண்களைப் படிக்கத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் கருவி அலமாரியில் கிடக்கும்.

முதல் செலவு கேமரா வைக்கும் மேடைக்கு இருக்கட்டும். நடுக்கோட்டுக்கு நேராக, தரையிலிருந்து குறைந்தது நான்கைந்து மீட்டர் உயரத்தில் கேமரா வேண்டும். பந்தைச் சுற்றி இரண்டு பக்கத் தடுப்பு வரிசையும் தெரியும் அளவுக்குச் சட்டம் அகலமாக இருக்க வேண்டும். பெற்றோர் எடுக்கும் வீடியோவில் கேமரா பந்தையே துரத்தும். டாக்கிள் செய்தவர் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்தியவர்) எத்தனை வினாடியில் எழுந்தார், அடுத்த தடுப்பு வரிசையில் நின்றாரா, உதைத்த பந்தைத் துரத்தினாரா என்று எதுவும் தெரியாது. தேர்வாளர் பார்ப்பதோ அதைத்தான்.

அனுப்பும் தொகுப்பு மூன்று, நான்கு நிமிடம். பத்துப் பன்னிரண்டு துண்டுகள். ட்ரை அடித்தது இரண்டு போதும். மீதி தடுப்பு, ரக் சுத்தம் (தரையில் விழுந்த பந்தின் மேலிருந்து எதிராளிகளைத் தள்ளி விலக்குவது), பந்தில்லாத நேர ஓட்டம். தவறு செய்த ஒரு துண்டையும், அதற்குப் பின் அவர் என்ன செய்தார் என்பதையும் சேருங்கள். அதோடு ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ. கோப்புப் பெயரில் வீரர் பெயர், ஆடும் இடம், தேதி, எதிரணி இருக்கட்டும். இசை போடாதீர்கள்.

வயதைக் காரணம் காட்டி யாரையும் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். ஸ்காட் ஃபார்டி ஜப்பானின் கமாய்ஷிக்குப் போய் ஆடிவிட்டு வந்து, பிரம்பீஸில் சேர்ந்து, 2013இல் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு 29 வயது. குறிப்பாக முன்கள இடங்களில் ஆடும் ப்ராப், ஹூக்கர், லாக் ஆகியோர் 24, 25 வயதில்தான் முழு வலு பெறுவார்கள்.

படி 6: டாக்கிள் உயரமும் தலைக்காயமும்

2024 பிப்ரவரியில் ரக்பி ஆஸ்திரேலியா இரண்டு ஆண்டுச் சோதனையாகச் சமூக ரக்பியில் சட்டப்படியான டாக்கிள் உயரத்தை மார்பெலும்புக்குக் கீழே கொண்டுவந்தது. தொழில்முறையில் எல்லை தோள்பட்டைக் கோடு. இரண்டு மட்டங்களுக்கும் நடுவே போய்வருகிறவர் இரண்டு உடல் பழக்கங்களை வைத்திருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் அந்த ஆண்டின் விதிச் சுற்றறிக்கையைப் படித்து, எல்லை எங்கே இருக்கிறது என்று எல்லாக் கிரேடுகளுக்கும் சொல்லுங்கள்.

கீழே வரும் தொழில்முறை வீரர் பந்தைப் பூட்ட மார்பு உயரத்தில் கட்டிப்பிடிப்பார். சூப்பர் ரக்பியில் அது நல்ல டாக்கிள், சனிக்கிழமை அது பெனால்டி. மேலே போகும் கிளப் வீரருக்கோ எதிர்ப் பிரச்சினை: கீழே போய்க் காலை மட்டும் பிடிப்பதால் எதிராளி கையை விடுவித்து பந்தைத் தன் கூட்டாளிக்குக் கொடுத்துவிடுவார். செவ்வாய் பயிற்சியில் 12 நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். ஜெர்சியில் மார்பெலும்பு மட்டத்தில் வண்ண டேப் ஒட்டுங்கள். மூன்று மீட்டர் அகல வழியில் இருவர், நடைவேகத்தில் தொடக்கம். இடுப்பை இறக்கி, எதிராளியின் காலடிக்கு அருகே முன்பாதம் வைத்து, டேப்புக்குக் கீழே தோள். தவறு பெரும்பாலும் கால் வைப்பில் வரும். கால் ஓரடி தள்ளி நின்றால் உடல் முன்னே சாய்ந்து, தலை எதிராளியின் இடுப்பெலும்புக்கோ முழங்காலுக்கோ நேராகப் போகும். கீழே டாக்கிள் செய்யச் சொல்லிவிட்டு காலைச் சொல்லிக்கொடுக்காத பயிற்சியாளர் காயத்தை இடம் மாற்றுகிறார், அவ்வளவுதான்.

மூளை அதிர்ச்சியில் இரண்டு மட்டங்களின் நடைமுறையும் வேறு. தொழில்முறையில் சந்தேகம் வந்தால் 12 நிமிட மதிப்பீட்டுக்கு வெளியே எடுத்து, தேறினால் திரும்ப அனுப்பலாம். பல்லுறைக்குள் இருக்கும் உணரிகளும் 2024 முதல் அந்த முடிவுக்கு உதவுகின்றன. கிளப் ஆட்டத்தில் அந்த வசதி இல்லை. நடுவர் நீல அட்டை காட்டினால் அன்றைய ஆட்டம் முடிந்தது, ஒப்பந்த வீரரானாலும் சரி. "எங்கள் அணியில் மதிப்பீடு செய்துவிட்டுத் திரும்ப இறக்குவார்கள்" என்று வீரரே வாதாடுவார். கேட்காதீர்கள். அன்று மாலைக்குள் உங்கள் பிசியோ அணி மருத்துவரை அழைத்து நேரம், அறிகுறிகள், வீடியோ மூன்றையும் கொடுக்க வேண்டும். கிளப் வீரர்களுக்கு ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தின் வழிகாட்டுதல் தெளிவானது: மோதல் பயிற்சிக்கு முன் அறிகுறி இல்லாத 14 நாட்கள், ஆட்டத்துக்குத் திரும்ப மோதிய நாளிலிருந்து குறைந்தது 21 நாட்கள், நடுவில் மருத்துவர் ஒப்புதல். இறுதிச் சுற்று நெருங்கும்போது இந்த 21ஐ 14 ஆக்கச் சொல்லும் குரல் கமிட்டிக்குள்ளிருந்தே எழும்.

ஒரு குழப்பம்: குயின்ஸ்லாந்தில் சிறுவர்களோடு பணிபுரியத் தேவையான அரசு அனுமதிக்கும் நீல அட்டை என்றே பெயர். புதிய தொண்டர்களிடம் எந்த அட்டையைக் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

படி 7: முன்வரிசையைத் தனியாகக் கவனியுங்கள்

மேலே போய்த் திரும்பிவரும் கிளப் வீரர்களில் பலர் ஸ்க்ரமில்தான் (இரு அணியின் முன்களத்தினரும் பிணைந்து பந்துக்காகத் தள்ளும் இடம்) தோற்கிறார்கள். 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரமை 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது. அடுத்த வருடமே பெரியவர்களோடு கட்டுப்பாடில்லாத தள்ளல். நடுவில் ஒரு வருடமாவது இரண்டாம், மூன்றாம் கிரேடில் ஆடவிடுங்கள். கழுத்துக்கு வாரம் மூன்று நாள், நான்கு திசையிலும் அசையாமல் எதிர்த்து நிற்கும் பயிற்சி, திசைக்கு 10 முதல் 15 வினாடி, மூன்று முறை. அகாடமியிடம் ஒரே ஒரு உதவி கேட்கலாம் என்றால் மாதம் ஒருமுறை ஸ்க்ரம் பயிற்சியாளரைக் கேளுங்கள். வாலபீஸ் வீரரின் வருகையைவிட அது மதிப்பு.

எண்ணிக்கையையும் மறக்காதீர்கள். 23 பேர் அணியில் முன்வரிசைக்குப் பயிற்சி பெற்றவர் ஆறு பேர் வேண்டும், 19 முதல் 22 பேருக்கு ஐந்து, 16 முதல் 18 பேருக்கு நான்கு. ஒப்பந்த ப்ராப் வருகிறார் என்று கிளப் ப்ராபை விட்டுவிட்டால், வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை என்ற செய்தியோடு நீங்கள் தள்ளல் இல்லாத ஸ்க்ரமுக்குப் போக வேண்டியிருக்கும்.

பயிற்சியாளர், நடுவர்

பயிற்சியாளர்கள் ஸ்மார்ட் ரக்பி பாதுகாப்புப் பாடத்தை முடித்தே ஆக வேண்டும், அது வாசல் மட்டும். பாலத்துக்கு உதவுவது அகாடமி பயிற்சிக்கு உங்கள் பயிற்சியாளர் போய்ப் பார்ப்பது. சீசனுக்கு முன் ஜனவரியில் இரண்டு நாள் அனுமதி கேளுங்கள், அப்போதுதான் அவர்களுக்கும் பொறுமை இருக்கும். பார்த்துவிட்டு அவர்களுடைய முழுப் புத்தகத்தையும் கிளப்பில் இறக்காதீர்கள். வாரம் இருமுறை 90 நிமிடம் பயிற்சி எடுக்கும் அணிக்கு, முழுநேர அணியின் அமைப்பில் மூன்றிலொரு பங்கு போதும். பெயர்களை மட்டும் அவர்கள் வைத்தபடியே வையுங்கள். மேலே போகிறவருக்கு முதல் வாரத்தில் அதுவே பாதி உதவி.

நடுவர்களும் இந்த ஏணியில்தான் ஏறுகிறார்கள். சர்வதேச நடுவர் நிக் பெரி ஒருகாலத்தில் ஸ்க்ரம்-ஹாஃபாக ஆடியவர். காயத்தால் ஆட்டத்தை நிறுத்தும் 25 வயதுக்காரரிடம் விசிலைக் கொடுத்துப் பாருங்கள்.

பெண்கள் அணி

சூப்பர் ரக்பியின் பெண்கள் போட்டியான சூப்பர் டபிள்யூ 2018இல் தொடங்கியது. சீசன் சில வாரங்களே. ஆகவே பெண்களில் கிளப் ஆட்டத்தின் பங்கு ஆண்களைவிடப் பெரிது, ஆட்டக்காரர் வளர்வது பெரும்பாலும் கிளப்பில்தான். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவென்ஸ் பக்கமும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது ஆஸ்திரேலியப் பெண்கள் அணி. வேகமான விங்கர், சென்டர்களின் வீடியோவை செவென்ஸ் தேர்வாளருக்கும் அனுப்புங்கள்.

பெண்கள் அணி தொடங்கிய கிளப்புகள் சறுக்குவது மிகச் சாதாரண விஷயங்களில். வெளிச்சம் குறைந்த பின்மைதானத்தில் இரவு எட்டரைக்குப் பயிற்சி, கதவில்லாத குளியலறை, ஸ்க்ரம் இயந்திரத்துக்கு முறை கிடைக்காதது. இந்த மூன்றையும் சரிசெய்த பிறகு ஆள் சேருங்கள்.

14 முதல் 19 வயது வரை

இந்த வயதில் உங்களுக்குப் போட்டி பக்கத்துக் கிளப் அல்ல, ரக்பி லீக் என்ற தனி ஆட்டம் (நாம் ஆடுவது ரக்பி யூனியன்). லீக் அணிகள் மிக இளம் வயதிலேயே ஒப்பந்தம் நீட்டும். ஜோசப் சுவாலி சிட்னியின் கிங்ஸ் ஸ்கூலில் யூனியன் ஆடியவர், லீக்குக்குப் போய், 2024இல்தான் யூனியனுக்குத் திரும்பினார். அப்படித் திரும்பக் கொண்டுவர ஆகும் செலவு எந்தக் கிளப்பாலும் முடியாது.

கிளப்பால் முடிந்தது தகவல். 16, 19 வயதுக்குட்பட்ட சூப்பர் ரக்பி அணிகளுக்குத் தேர்வு எப்போது, யார் தேர்வாளர், தேர்வாகாவிட்டால் அடுத்த வாசல் எது என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுங்கள். பெரிய தனியார் பள்ளிகளில் படிக்கும் பையன்களைத் தேர்வாளர்கள் தாமாகவே பார்க்கிறார்கள். அரசுப் பள்ளிப் பையனைப் பார்க்க வேண்டுமென்றால் கிளப் கோல்ட்ஸ் அணியே வழி. மேற்கு சிட்னியில் இது இன்னும் உண்மை. பாரமட்டா பக்கம், மெரிலாண்ட்ஸின் எரிக் ட்வீடேல் அரங்கில் ஆடும் டூ ப்ளூஸ் 1879இல் தோன்றிய கிளப். சுற்றுவட்டாரத்தில் பசிபிக் தீவுக் குடும்பங்கள் நிறைய, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ரக்பி தெரியாத வீட்டுப் பெற்றோருக்கு டாக்கிள் பற்றிய பயம்தான் முதல் கேள்வி. படி 6இல் உள்ளதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் மோதல் இல்லாத டேக் ரக்பியில்தான் தொடங்குகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

படி 8: ஒரு பக்க ஒப்பந்தம்

பிப்ரவரிக்குள் கையெழுத்தாகட்டும். இரண்டு பக்கம் போனால் வக்கீலிடம் போகும், வக்கீலிடம் போனால் ஜூலையில் வரும். உள்ளே இருக்க வேண்டியவை:

- இரு பக்கத்திலும் தொடர்பாளர் யார், அவர் இல்லாதபோது யார்.
- உத்தேசப் பட்டியலும் உறுதியும் வர வேண்டிய நாள், நேரம்.
- ஆடும் நிமிடம், ஆடும் இடம் பற்றி யார் சொல்வது இறுதி. கிளப் பயிற்சியாளர் லாக்கை ஃப்ளாங்கராக ஆடவைக்கலாமா என்பதும் இதில் அடக்கம்.
- காயம் பட்டால் சிகிச்சைச் செலவு, ஸ்கேன், ஆம்புலன்ஸ் யார் பொறுப்பு.
- அகாடமி கிளப் வீரரைப் பயிற்சிக்கு அழைத்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, அந்தச் சனிக்கிழமை அவர் கிளப்புக்கு ஆடலாமா.
- அகாடமியிலிருந்து விடுவிக்கப்படும் வீரர் பற்றிக் கிளப்புக்கு எப்போது, யார் சொல்வது.

கடைசிப் புள்ளியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 20 வயதில் "உனக்கு அடுத்த வருட ஒப்பந்தம் இல்லை" என்று கேட்ட பையன் நேராகக் கிளப்புக்கு வர மாட்டான், வீட்டில் இருந்துவிடுவான். செய்தி சொல்லப்பட்ட அன்றே கிளப் தொடர்பாளருக்கும் தெரிந்தால், 48 மணி நேரத்துக்குள் ஒருவர் போய் அவனைப் பார்க்கலாம். அப்போது ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம். வேலை, படிப்பு, ஜனவரியில் பயிற்சி தொடங்கும் தேதி, இவை போதும்.

சீசன் முடிந்த அக்டோபரில் இரு பக்கமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஐந்து எண்களைப் பாருங்கள்: எத்தனை ஒப்பந்த வீரர்கள் எத்தனை ஆட்டம் ஆடினார்கள், வியாழன் பயிற்சிக்கு எத்தனை முறை வந்தார்கள், மேலே எத்தனை பேர் அழைக்கப்பட்டார்கள், தாமதமாக வந்த தகவல் எத்தனை, நான்காம் கிரேடு எத்தனை வாரம் ஆள் பற்றாக்குறையோடு இறங்கியது. ஐந்தாவது எண் ஏறியிருந்தால், முதல் நான்கும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அடுத்த ஆண்டு கீழே வரும் வீரர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பைக் குறையுங்கள்.